நாற்பத்தாறாம் பக்கம்

என் வீட்டுக்காரர் ஒரு வரி எழுதியவர் இல்லை. கதை, கவிதை, கட்டுரை எதுவும் கிடையாது. கடையில் வாங்கவேண்டிய சாமான்களைக்கூட நான்தான் எழுதிக் கொடுக்கவேண்டும், அதிலும் பாதியை மறந்துவிட்டு வருவார். ஆனாலும் எங்கள் ஊரில் எழுதுகிறவர்கள் அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். ‘பக்கம் சார்’ என்று கேட்டால் போதும், வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

பகலில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருப்பார். லென்ஸைத் தேய்த்து அளவாக்கி பிரேமில் பொருத்துவது அவர் வேலை. மிச்ச நேரமெல்லாம் ஒரு பத்திரிகைக்கு. கதை, கவிதை, ஓவியம் என்று வருஷத்துக்கு மூன்று முறை வெளிவருகிற சின்னப் பத்திரிகை. அதை நடத்துகிறவர் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறார். நாங்கள் அவரை ஆசிரியர் என்றே சொல்லுவோம். வந்ததைப் படித்து, தேர்ந்தெடுத்து, அச்சகத்தில் கொடுப்பதோடு அவர் பொறுப்பு முடிந்துவிடும். அதற்குப் பிறகு இதழ் நாலு பேர் கைக்குப் போகவேண்டுமே, அந்தப் பாடு முழுக்க என் வீட்டுக்காரருடையது. சம்பளமா? நன்றாகக் கேட்டீர்கள் போங்கள்.

புது இதழ் வருகிறது என்றால் மற்றவர்கள் ஒரு அறிவிப்பைத் தயார்செய்து எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். இவர் அப்படிச் செய்யமாட்டார். அச்சுக்கு முன்னால் வருகிற மெய்ப்பு நகலை வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு வரி விடாமல் படிப்பார். படித்துவிட்டு ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவார். பல் டாக்டருக்கு இந்தப் பக்கம், தையல்கடை அம்மாவுக்கு அந்தப் பக்கம் என்று. பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்புவார். அனுப்பும் பிரதியின் அட்டைக்குள்ளும் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். அதில் பக்க எண் மட்டும்தான். தலைப்பும் இருக்காது, எழுதியவர் பெயரும் இருக்காது.

ஏன் இப்படி என்று கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன். பெயரைச் சொன்னால் பெயரைப் பார்த்தே வேண்டும் வேண்டாம் என்று முடிவுசெய்துவிடுவார்களாம், பக்கத்தைச் சொன்னால் திறந்துதான் பார்க்கவேண்டுமாம். கடைக்கு வருகிறவர் முகத்தைப் பார்த்து, இந்த பிரேம்தான் இவருக்கு என்று எடுத்து நீட்டிப் பழகிய கை. அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தையல்கடை அம்மா ஒருமுறை வீடு தேடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்.

அவர் பக்கம் சொல்லி ஒரு பதிலும் வராத ஆள் ஒரே ஒருவர்தான். அது அவருடைய கூடப்பிறந்த அண்ணன்.

பெரியவர் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து எட்டிப்பார்த்தால் தெரியும் தூரம். அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால் என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணனும் தம்பியும் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அன்று மத்தியானம் இவர் முறை. புத்தகக் கண்காட்சியில் புது இதழைக் கொண்டுபோய் வைக்கவேண்டியிருந்தது. அண்ணனை உட்காரவைத்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று போனார். போன இடத்தில் யாரோ ஒருவருக்குப் பக்கம் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். போன் பைக்குள் கிடந்து அடித்தது காதில் விழவில்லை. வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி நடையில் வைத்து, நாலு பேர் முன்னால், பெரியவர் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

“அம்மா கடைசி வரைக்கும் உன்னைத்தான்டா கேட்டாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டே போயிட்டாங்க. உனக்கு உன் புத்தகம்தானே முக்கியம். போ, போய் வித்துட்டு வா.”

அதோடு பேச்சு நின்றது. எதிரெதிரே வந்தால் பெரியவர் தெருவின் அந்தப் பக்கம் மாறிப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வார்த்தை என்றால் ஒரு அளவு வேண்டாமா என்று இவரிடம் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். இவர் ஒரே பதில்தான் சொல்லுவார். “விடு. அண்ணன் கையாவது இருந்துச்சே. நான் அதை நினைச்சுத்தான் தூங்குறேன்.”

ஒவ்வொரு இதழையும் அண்ணனுக்கு அனுப்பிவிடுவார். பெரியவர் விளையாட்டுச் செய்தியைத் தவிர வேறெதையும் படிக்கிறவர் இல்லை. பட்டறையில் கிரீஸ் துடைக்கத்தான் அந்தத் தாள்கள் பயன்படும் என்று நான் சொல்லுவேன். அப்படியாவது தொடட்டும் என்பார்.

இந்த இதழ் வேலை தொடங்கும்போதே மனிதர் ஓய்ந்துபோயிருந்தார். முழங்கால் வலி. மூன்று மாடி ஏறி ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு இறங்கினால் இரண்டு நாள் படுக்கை. அடுத்தவர் கண்ணுக்கெல்லாம் லென்ஸ் தேய்க்கிறவருக்குத் தன் கண்ணில் புரை. புத்தகக்கடைக்காரர்கள் முன்போல முகம் கொடுப்பதில்லை, வாங்கி உள்ளே எங்கேயோ போட்டுவிட்டு அடுத்த இதழ் வரும்போது கட்டுப் பிரிக்காமல் திருப்பித் தருகிறார்கள். பக்கம் சொன்னால் கட்டைவிரலைத் தூக்கிக்காட்டும் படம் ஒன்று போனில் பதிலாக வரும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இந்த இதழோடு போதும், என்னால் முடியவில்லை என்று அவரே சொன்னார். ஆசிரியரிடமும் சொல்லிவிட்டார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டு நிறுத்தவேண்டும் என்று இருந்தேன், சண்டைக்கே இடமில்லாமல் போய்விட்டது.

மெய்ப்பு நகலைப் படித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் சத்தமாகச் சிரித்தார். எட்டிப்பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நாற்பத்தாறாம் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டுரை. அண்ணனும் தம்பியும் ஒரு இரும்பு பீரோவை மாடியிலிருந்து இறக்குகிறார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர். கீழே இறக்கி முடிக்கும்வரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே வருகிறார்கள், ஆனால் இரண்டு பேரும் பிடியை விடுவதில்லை. அவ்வளவுதான் கட்டுரை. இது அண்ணனுக்கென்றே வந்திருக்கிறது, இதைப் படித்தால் ஒரு வார்த்தையாவது பேசாமல் இருக்கமாட்டான் என்றார். பல நாளுக்குப் பிறகு முகத்தில் ஒரு தெளிச்சி.

சீட்டு மட்டும் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, போனை எடுத்துக் குரல்செய்தி ஒன்று பதிவுசெய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“அண்ணே, நான்தான். புது இதழ் உன் பட்டறைக்கு வரும். நாற்பத்தாறாம் பக்கம். அது உனக்குத்தான். அதை மட்டும் படி. படிச்சிட்டு திட்டணும்னா திட்டு.”

பெரியவர் கேட்டுவிட்டார் என்பதற்கு அடையாளமாகப் போனில் நீலக்குறி விழுந்தது. பதில் இல்லை. அதைப் பற்றி இவர் கவலைப்படவும் இல்லை. இதழ் போய்ச் சேரட்டும் என்று இருந்தார்.

இதழ் அச்சாகி வந்தது. கூடமெல்லாம் கட்டு. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பொழுது விடிந்தால் பொழுது போனால் சின்னக் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது. வீட்டுக்கு வந்தும் அதே கதைதான். இவர் விலாசம் ஒட்டுவார், நான் அட்டையைத் தூக்கி ஏற்கனவே எழுதிவைத்த சீட்டை உள்ளே செருகி உறையில் போடுவேன். இரண்டு பேருமே இதழைப் பிரித்துப் பார்க்கவில்லை. இவருக்கு ஏற்கனவே மனப்பாடம், எனக்குப் பிரித்தால் தூக்கம் வந்துவிடும். தபாலில் போகவேண்டியது தபாலில் போயிற்று. பக்கத்து வீதிகளுக்கு நொண்டிக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தார். பெரியவரின் பிரதியைப் பட்டறை வேலையாளிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டுக் கூட்டம். இரும்புச்சாமான் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த இதழிலேயே எழுதியவர்கள். ஒருவர் பேச மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். மின்விசிறி சத்தத்தில் பாதி பேச்சு கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கடைசி வரிசை.

கடைசியாக ஆசிரியர் எழுந்தார். இந்த இதழில் ஒரு ரகசியம் இருக்கிறது, யாருக்காக வைத்தோமோ அவருக்கே தெரியாது என்று சிரித்தார். இவர் விடைபெறுகிறார் என்று கேள்விப்பட்டதும், அச்சுக்குப் போகிற நேரத்தில், பொருளடக்கத்துக்கு அடுத்தபடியாக இரண்டு பக்கம் புதிதாகச் சேர்த்திருக்கிறாராம். ஒரு பக்கத்தில் அட்டைப்பட ஓவியர் வரைந்த இவர் முகம். எதிர்ப்பக்கத்தில் இவரைப் பற்றி ஆசிரியர் எழுதியது. கடைசியில் இருந்த விளம்பரங்களை எடுத்துவிட்டதால் இதழின் கனம் கூடவில்லை, அதனால் இவர் கண்டுபிடிக்கவில்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, எழுதியதை வாசிக்கத் தொடங்கினார்.

நல்லாத்தான் எழுதியிருந்தார், பாவம். திரும்பி இவரைப் பார்த்தேன். முகம் வெளுத்துப் போயிருந்தது. உதடு முணுமுணுத்தது. கண் கலங்கிவிட்டார் என்று எல்லோரும் கை தட்டினார்கள், ஒருவர் வந்து தோளைக் கட்டிக்கொண்டார். எனக்குத்தான் தெரியும், மனிதர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எல்லாருக்கும் தப்பான பக்கத்தைச் சொல்லிட்டேன்.”

முதலில் எனக்கு விளங்கவில்லை. பொருளடக்கத்துக்கு அடுத்து இரண்டு பக்கம் நுழைந்தால் அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாமே இரண்டு பக்கம் தள்ளிப்போகும். அவர் எழுதிய அத்தனை சீட்டும் தப்பு. பாராட்டுகிறேன் பேர்வழி என்று அந்த ஆசிரியர் இவருடைய இத்தனை நாள் உழைப்பைக் கவிழ்த்துவிட்டார். அவரைப் போய்த் திட்டவும் முடியாது. இரண்டு பக்கம் திருப்பினால் தெரிந்துவிடாதா என்று சமாதானத்துக்குக் கேட்டுவைத்தேன். யார் திருப்புவார்கள் என்றார். சொன்ன பக்கத்தைத் திறக்கிறதே பெரிய விஷயம்.

அடுத்த நாளிலிருந்து போன் ஓயவில்லை. தோட்டம் போடுவது பற்றிய கட்டுரை போகவேண்டிய பள்ளிக்கூடத் தலைமையாசிரியருக்கு, உடுப்பில்லாத பெண்ணின் ஓவியம் போயிருந்தது. என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று குதித்தார். பல் டாக்டருக்கு மனைவியை விட்டுப் போகிறவனின் கதை. அதை அவர் மனைவி முதலில் பார்த்துவிட்டார். புதிதாகக் கல்யாணமான ஒரு பையனுக்கு இரங்கல் கட்டுரை. வேறு நேரமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். இவர் ஒவ்வொருவருக்கும் நின்று நிதானமாக விளக்கம் சொல்லி, மன்னிப்பும் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பரிசோதனைக்கூடத்தில் சீட்டு மாறிவிட்டால் எல்லாவற்றையும் திருப்பி வாங்கி முதலிலிருந்து தொடங்குவோம். இதை எங்கே போய்த் திருப்பி வாங்குவது?

பெரியவருக்கு மட்டும் அவர் போன் செய்யவில்லை.

நாற்பத்தாறாம் பக்கத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று நான் பிரித்துப் பார்த்தேன். ஒரு கவிதை. சொற்கள் பக்கம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. நடுவில் எண்கள், ஒரு இடத்தில் வெறும் கோடு. நான் இரண்டு தடவை படித்தேன், தலை வலித்ததுதான் மிச்சம். இதை ஆசிரியரே புரியாமல்தான் போட்டார் என்று இவர் சொன்னார். மோட்டார் பட்டறைக்காரருக்கு இது. கிண்டல் செய்கிறான் தம்பி என்றுதானே நினைப்பார்?

ஒரு போன் போட்டு, அண்ணே அது நாற்பத்தெட்டு என்று சொன்னால் முடிந்தது. நான் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது. “அவ்வளவு வருஷம் கழிச்சு ஒரு வார்த்தை பேசினேன், அதையும் தப்பாப் பேசினேன்னு எப்படிச் சொல்றது?” என்றார். நான் போய்ச் சொல்லட்டுமா என்றதற்கு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் அனுப்புவதற்கும் ஒன்றும் இல்லை என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில், சாயங்காலம், நான் வேலையிலிருந்து வந்து அடுப்பைப் பற்றவைத்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. பெரியவர் வந்து நின்றார். பட்டறைச் சட்டை, கையில் அந்த இதழ். விரல்பட்ட இடமெல்லாம் எண்ணெய்க் கறை. இளைத்திருந்தார்.

“வாங்க மாமா” என்று பாத்திரமும் கையுமாக முன்னால் வந்தேன். இவர் கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார், ஒரு வார்த்தை கூடினாலும் இன்றைக்கு விடுவதில்லை என்று நான் தயாராக நின்றேன்.

“நீ சொன்ன பக்கத்தைப் படிச்சேன்” என்றார் பெரியவர். “ஒண்ணும் புரியல. எனக்குன்னு சொல்லியிருக்கியேன்னு திரும்பத் திரும்பப் படிச்சேன். பட்டறையில வெச்சுப் படிச்சேன், வீட்டுல வெச்சுப் படிச்சேன். உங்க அண்ணி, பரீட்சைக்குப் போறீங்களான்னு கேட்டா.”

இவர் வாயைத் திறந்தார். பக்கம் மாறிப்போனதைச் சொல்லத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் பெரியவர் இதழைப் பிரித்து, கண்ணருகில் பிடித்து, எழுத்துக்கூட்டுவதுபோல வாசித்தார்.

“வந்த கை படியிறங்குகிறது. வராத கை பிடித்திருக்கிறது.”

வாசித்துவிட்டு இதழை மடியில் வைத்துக்கொண்டார்.

“உனக்கு யாருடா சொன்னா? அந்த நர்ஸம்மாவா?”

இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும்தான். எதைண்ணே சொல்ற என்று கேட்டார்.

“தெரிஞ்சுக்கிட்டுத்தானே இந்தப் பக்கத்தை எனக்குக் கொடுத்திருக்க. படியிறங்குன கை நான்தானே. அன்னைக்கு நீ போனதும் அம்மா கண்ணை மூடிட்டு இருந்தாங்க. தூங்குறாங்கன்னு நினைச்சேன். ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்னு கீழ இறங்கினேன். கீழ பழைய சிநேகிதன் ஒருத்தனைப் பார்த்தேன், பேசிட்டு நின்னுட்டேன். மேல வந்தா நர்ஸு துணியைப் போட்டு மூடிட்டு இருக்காங்க.” அட்டையிலிருந்த கறையைத் தேய்த்தார். “அம்மா யாரைக் கேட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுடா. நீ வந்து நின்னதும் வாயில வந்துடுச்சு. சொன்னதுக்கு அப்புறம் திருப்பி எடுக்க முடியல. உன் முகத்தைப் பார்க்க முடியாமத்தான் ரோட்டுல அந்தப் பக்கம் போவேன்.”

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எத்தனை வருஷம்! தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, அம்மா என்னைத்தான் தேடினாங்களாம் என்று இவர் புலம்பியதெல்லாம் எதற்கு? இந்த மனுஷன் ஒரு டீ குடிக்கப் போனதற்கா? கையிலிருந்த பாத்திரத்தை அவர்மேல் வீசியிருப்பேன். கேட்கவேண்டிய கேள்வியெல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

இவர் கோபப்படவில்லை. கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அப்ப அம்மா கையை யாருமே பிடிச்சிருக்கலையா?”

பெரியவர் இல்லை என்று தலையாட்டினார்.

அவ்வளவு நாளும் இவர் தூங்கிக்கொண்டிருந்தது எதை நினைத்து என்று எனக்குத் தெரியும். பெரியவருக்குத் தெரியாது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. இவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி எழுந்தார். வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு போய், அண்ணனின் நாற்காலியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அழுதார்.